அது வந்து

அந்த அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிவிட்டது. பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் பூச்சி சார். மென்பொருளில் ஒளிந்திருக்கும் பிழைக்கு அந்தத் தொழிலில் பூச்சி என்று பெயர். அதைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. வயது கேட்கும் கட்டத்தில் மைனஸ் ஒன்பது என்று அடிப்பார். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒரு முழுச் செய்தித்தாள் கட்டுரையை ஒட்டுவார். பணம் கட்டும் பொத்தானை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவன் லிஃப்ட் பொத்தானைக் குத்துவதுபோல் விடாமல் குத்துவார். எங்காவது திரை வெளுத்துப்போய் நின்றுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நன்றாகச் செரிக்கும். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை அவர் மனைவி மட்டும் முழுதாக நம்பியதில்லை. "இதையேதான வீட்ல சும்மா பண்றீங்க?" என்பாள்.

இந்த நிம்மதிக்கு உலை வைக்க ஒரு எந்திரம் வந்தது. அவர் வாரம் முழுக்க மெனக்கெட்டுப் பிடிக்கும் பூச்சிகளை, அவர் காபி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அது பிடித்துக் கொட்டி வைத்தது. கொட்டி வைத்ததோடு நிற்கவில்லை. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பணிவாகக் கேட்டது. வேகத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பணிவைத்தான் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் ஒருத்தரையும் அப்படிக் கேட்டதில்லை.

பின்னாலேயே அறிவிப்பு வந்தது. எல்லோரும் புதிய திறன் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளாதவர்களை, வேறு நல்ல வாய்ப்புகளைத் தேடிச் செல்லும்படி நிறுவனம் அன்போடு விடுவிக்கும். கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிடுவதுபோல் அவ்வளவு தாராளம். என்ன திறன் என்பதை மட்டும் அறிவிப்பில் சொல்ல மறந்துவிட்டார்கள். கேட்கலாம்தான். கேட்டால், இது கூடத் தெரியாத ஆள் என்று ஆகிவிடும். ஆகவே யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து கைபேசியில் தேடினார்கள். அந்த வாரம் கழிப்பறைக் கதவுகள் திறக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "என்னங்க, என்ன ஆச்சு? முகம் ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல."

அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் கல்யாணமான நாளிலிருந்து கிடையாது. கேட்டது தப்பு என்பதுபோல் அவளும் உள்ளே போய்விட்டாள்.

வினை வந்தது அடுத்த வாரத்துக் கூட்டத்தில். உருமாற்றத் தலைவி திரையில் வந்தார். நிறுவனத்தை உருமாற்றுவதற்கென்றே வேறொரு நாட்டில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷி அவர். ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்களில் இருப்பது அவர் வழக்கம். ஒன்றைக் காதால் கேட்பார், இன்னொன்றைக் கண்ணால் பார்ப்பார். இவர்கள் கூட்டம் கண் கணக்கு. அதாவது சத்தத்தை அணைத்துவிட்டு, பேசுவதையெல்லாம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறதே, திரைக்கு அடியில் ஓடும் அந்த வரி, அதை மட்டும் படித்துக்கொண்டு புன்னகை செய்வார். புன்னகை எப்போதும் இரண்டு நொடி தாமதமாக வரும். இழவுச் செய்தி சொன்னாலும் வரும்.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நீங்கள் என்ன புதிய திறன் கற்கிறீர்கள்? ஒவ்வொருவரும் வாயில் நுழையாத ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். பூச்சி சாருக்குப் பக்கத்து நாற்காலியில் சர்வர் அக்கா இருந்தார். சர்வர் என்றால் தட்டில் பரிமாறுகிறவர் அல்ல. குளிரூட்டிய அறையில் இரைந்துகொண்டிருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் முறை வந்தது. "எனக்குப் புதுசா ஒண்ணும் தெரியாது. சொல்லிக் குடுத்தா கத்துக்குறேன்" என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று சொல்லிவிட்டார். ஒரு மனுஷி எல்லார் எதிரிலும் மாடியிலிருந்து குதித்த மாதிரி மற்றவர்கள் பார்த்தார்கள்.

அடுத்தது பூச்சி சார். மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று ஆங்கில வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மண்டையிலிருந்து இறங்கி ஓடிவிட்டன. பயத்தில் நாக்குக்குத் தாய்மொழி ஒன்றுதான் தெரியும்.

"அது வந்து..." என்றார். எச்சில் விழுங்கினார். "அது வந்து... அது வந்து..."

திரைக்கு அடியில் எந்திரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு, முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, ஏதோ கோடி கோடியாய் விற்கும் சரக்குபோல, ஆங்கிலத்தில் எழுதியது: அட்வாண்டு. அட்வாண்டு. அட்வாண்டு.

இரண்டு நொடி கழித்துத் தலைவி புன்னகை செய்தார். அதோடு நிற்காமல் நிமிர்ந்தும் உட்கார்ந்தார்.

"அட்வாண்டு! அற்புதம். நம் நிறுவனத்தில் ஒருவராவது அட்வாண்டுக்குள் போயிருக்கிறாரே என்று மகிழ்ச்சியாக இருக்கிறது. எல்லோரும் இவரைப் பாருங்கள்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அந்த அறையில் பாதிக்கு மேல். ஒருத்தர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. தன் காதில் விழுந்ததைவிடத் தலைவி வாயில் வந்ததை நம்புவதுதான் உத்தியோகத்துக்கு நல்லது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் மெதுவாகத் தலையசைத்தார். இன்னொருவர், "நானும் கொஞ்சம் பார்த்துட்டு இருக்கேன்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பூச்சி சார் வாயைத் திறந்தார். 'அம்மா, அது வந்து' என்றுதான் தொடங்க வேண்டும். தொடங்கினால் எந்திரம் நான்காவது தடவையும் எழுதும். மூடிக்கொண்டார்.

*

நல்லது நடந்திருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே அனுப்பும் வரிசையில் நின்ற ஆளைப் பிடித்து மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்; மேடைக்குக் கீழே பலகை இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எந்த நேரமும் யாராவது வந்து, "அட்வாண்டுன்னா என்ன சார்?" என்று கேட்கலாம். லிஃப்டில் யாராவது பக்கத்தில் நின்றால் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் யாராவது எதிரே உட்கார்ந்தால் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மாதம் முடிவதற்குள், யார் யாருக்கு அட்வாண்டு தெரியும் என்று நிறுவனம் கணக்கெடுத்தது. சர்வர் அக்காவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலர் இடைநிலை, சிலர் உயர்நிலை. உயர்நிலைக்காரர்கள் காபி எந்திரத்தருகே தனியாக நின்று பேசினார்கள்.

வீட்டிலும் விடவில்லை. மனைவியின் தம்பி, வேலை போனவர்களுக்கு வேலை பழக்கும் வேலை பார்ப்பவன். தன் வேலை போன பிறகு தொடங்கிய தொழில் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"அத்தான், நீங்க இன்னும் பட்டன் அமுக்கிக்கிட்டா இருக்கீங்க? மார்க்கெட்ல இப்ப என்ன ஓடுதுன்னு தெரியுமா?"

"என்ன?"

"அட்வாண்டு. நான் புதுசா கிளாஸ் ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு பேட்ச் ஃபுல்லு."

பூச்சி சார் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "அதுல... என்ன சொல்லிக் குடுக்குற?"

"அதெல்லாம் சட்டுனு சொன்னா புரியாது அத்தான். முதல்ல மனச மாத்திக்கணும். மனச மாத்துறதுக்கே பாதி கிளாஸ் போயிடும்."

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதி சர்ட்டிஃபிகேட்." அவன் கையைக் கழுவப் போனான். போகிற போக்கில், "உங்கள மாதிரி வயசானவங்களுக்குன்னே தனி பேட்ச் இருக்கு, சொல்லுங்க" என்றான்.

மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். பேச்சை வளர்க்கத் தெரியாது. "உங்களுக்கு அது தெரியுமா தெரியாதா?" என்றாள் கணவனிடம்.

"ஓரளவு..."

"ஓரளவுன்னா? நான் கடையில ஒரு மருந்த ஓரளவு தெரியும்னு எடுத்துக் குடுத்தா ஆளே போயிடுவான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு வாங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

*

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. நிறுவனத்துக்கு வெளியிலிருந்து அட்வாண்டு ஆட்களை எடுக்க முடிவாயிற்று. வருகிறவர்களைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்க, இருப்பவர்களில் மூத்த அட்வாண்டுக்காரரைப் போட்டார்கள். பூச்சி சார்தான்.

சின்னக் கண்ணாடி அறை. எதிரே கோட்டு போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெயில் நாளில் கோட்டு போட்டவரைப் பார்த்தாலே பூச்சி சாருக்குப் பாதித் தெம்பு போய்விடும்.

"அட்வாண்டுல எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் சார்."

அட்வாண்டு பிறந்து ஒரு பருவம்கூட ஆகவில்லை. பூச்சி சார் பேனாவைக் கீழே வைத்தார். தன்னைப் போலவே இன்னொரு பொய்யன் என்று தெரிந்தால் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. கோட்டுக்காரர் அவ்வளவு அழகாகப் பேசினார். மேல் அடுக்கு என்றார், கீழ் அடுக்கு என்றார், இரண்டுக்கும் நடுவே உரசல் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்றார். பழைய இடத்தில் அந்த உரசலால் ஒரு நாள் முழுக்க எல்லாம் நின்றுபோனதையும், தான் எப்படி ராத்திரி பகலாக உட்கார்ந்து சரிசெய்தார் என்பதையும் சொன்னபோது அவர் கண்கூடக் கலங்கியது.

கடைசியில் அவரே கேட்டார். "நீங்க இங்க எந்த வெர்ஷன் சார் யூஸ் பண்றீங்க?"

பூச்சி சார் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். "நாங்க... பழசுதான்."

கோட்டுக்காரர் அனுதாபத்தோடு பார்த்தார். "இன்னும் பழசுலயா இருக்கீங்க?"

அந்தப் பார்வை தைத்துவிட்டது. அவர் எழுந்து போனதும் பூச்சி சார் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் அட்வாண்டைத் தேடினார். பக்கம் பக்கமாக வந்தது. அட்வாண்டு என்றால் என்ன, ஏன் அட்வாண்டு, அட்வாண்டுக்கு மாறத் தவறிய நிறுவனங்களின் கதி. எல்லாவற்றையும் எந்திரங்கள் எழுதியிருக்க வேண்டும். அவ்வளவு பணிவான நடை. மேல் அடுக்கு, கீழ் அடுக்கு எல்லாம் அதில் இருந்தது. அவர் படித்துக்கொண்டே போனார். மூன்றாவது பக்கத்தில் அவருக்குப் புரியவில்லை. தன் எச்சிலை விழுங்கியபோது பிறந்த சங்கதியில் தானே பின்தங்கிவிட்டோமோ என்று, மூடியின்மேல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் நிஜமாகவே பயந்தார். அன்று சாயங்காலம் மைத்துனனுக்குப் போன் போட்டு, வயசானவர்கள் பேட்ச் எப்போது என்று கேட்கும் அளவுக்குப் பயந்தார்.

*

சர்வர் அக்காவை விடுவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அப்போதுதான் வந்தது. தலைவி நேரிலேயே பேசி முடிவெடுக்க, மறுநாள் கூட்டம். நேரில் என்றால் திரையில்.

பூச்சி சார் சர்வர் அறைக்குப் போனார்.

கணினிகளின் இரைச்சலில் மெதுவாகப் பேச முடியாது; எனவே ரகசியத்தைக் கத்திச் சொன்னார். "அக்கா, அட்வாண்டுன்னு ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு நான் 'அது வந்து'ன்னு இழுத்தேன். எந்திரம் தப்பா எழுதிடுச்சு."

அக்கா கேட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது முகம் மாறியிருந்தது.

"அப்ப உன் இழுவைக்கா நான் வேலைய விடணும்?"

"அக்கா..."

"நாளைக்கு நீயே சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். எனக்கென்ன, போற ஆளுதான?"

"சொன்னா என்னை அனுப்பிடுவாங்கக்கா. இந்த வயசுல வெளிய போனா எவன் சேத்துப்பான்?"

"எனக்கு மட்டும் வயசு குறையுதா பூச்சி?"

கணினிகள் இரைந்தன.

மறுநாள் கூட்டத்தில் பூச்சி சார் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலைவி திரையில் வந்தார், சத்தத்தை அணைத்தார், புன்னகையைப் போட்டுக்கொண்டார். "அட்வாண்டு பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. பூச்சி சாரைப் பார்த்தார். சொல்லு என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். பூச்சி சார் மேசையைப் பார்த்தார். மேசையில் ஒரு கீறல் இருந்தது. அதையே உயிர்போகிற காரியம்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பொறுமை போனது. "சொல்லேன் பூச்சி! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லு!" என்று தமிழில் வெடித்தார்.

மைக் திறந்திருந்தது. திரைக்கு அடியில் எந்திரம் தயங்கியது. எழுதியது. ஓனுமில்லா. ஓனுமில்லா.

இரண்டு நொடி. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஓனுமில்லா," என்றார், மரியாதையோடு. "அட்வாண்டுக்கு அடுத்தது அதுதான் என்று போன வாரம் ஒரு மாநாட்டில் கேள்விப்பட்டேன். நம்மிடம் அதற்கு ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே."

அறையில் இருந்த உயர்நிலை அட்வாண்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் முந்திக்கொண்டார். "நானும் கொஞ்சம் பார்த்துட்டு இருக்கேன்."

*

மனிதவளத் துறை அம்மாள் பூச்சி சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அந்த அறையில் யாருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க பெரிய அட்வாண்டு நிபுணர். ஆனா காலம் மாறிடுச்சு. அட்வாண்டுல ரொம்ப ஊறினவங்களுக்கு ஓனுமில்லா ஏறாதுன்னு மேல நினைக்கிறாங்க. பழைய பழக்கம் பாருங்க, விடாது."

"சர்வர் அக்கா?"

"அவங்களுக்கு அட்வாண்டு ஒரு துளிகூடத் தெரியாது. மனசு சுத்தமா இருக்கு. அப்படிப்பட்டவங்கதான் இப்ப வேணும்."

ஆட்களை விடுவிப்பதை அட்வாண்டு உயர்நிலைக்காரர்களிலிருந்து தொடங்குகிறார்களாம். முதல் பெயர் இவருடையது. இத்தனை நாள் எந்தக் கேள்விக்குப் பயந்து வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு திரிந்தாரோ, அந்தக் கேள்வியை அந்த அம்மாளும் கேட்கவில்லை. அட்வாண்டு என்றால் என்ன என்று கேட்காமலேயே, அது காலாவதியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுக்கும்போது அக்கா வந்தார். முகம் வெளிறியிருந்தது. பூச்சி சாருக்கு அந்த நிறம் நன்றாகப் பழக்கம். கழிப்பறைக் கண்ணாடியில் தினமும் பார்த்தது.

"பூச்சி, அடுத்த மாசம் டெமோ காட்டச் சொல்றாங்க. எனக்கு ஒரு டீம் வேற குடுக்குறாங்களாம். நான் என்ன பண்ணுவேன்?"

"பயப்படாதக்கா. யாரும் கேக்க மாட்டாங்க. அப்படியே கேட்டா, எந்த வெர்ஷன்னு திருப்பிக் கேளு."

"நான் போயி உண்மைய சொல்லிடவா? உனக்காகவாவது?"

கேட்டுவிட்டு அவர் நின்றார். வேண்டாம் என்று சொல்லமாட்டானா என்று நிற்கிறார் என்பது பூச்சி சாருக்கு உடனே தெரிந்தது. அவரும் அப்படி நின்றவர்தானே.

"வேண்டாம்கா" என்றார்.

அக்கா மூச்சை விட்டார். விட்டதைத் தானே கேட்டுவிட்டு, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைபேசி அடித்தது. மைத்துனன். "அத்தான், அட்வாண்டு பேட்ச் கேன்சல். மார்க்கெட்ல இப்ப வேற ஒண்ணு..." அவர் அணைத்துவிட்டார்.

கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பையைப் பார்த்தாள். அலுவலக மேசையில் அவர் வைத்திருந்த காபிக் குவளை பைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

கல்யாணமான நாளிலிருந்து இருந்த பதில் நாக்கு நுனிக்கு வந்தது. அது இப்போது கம்பெனியின் சொத்து. அதற்கு டீம் இருக்கிறது. சரி, வேறு மாதிரி இழுக்கலாம் என்று பார்த்தால் அந்த இன்னொரு சொல்லும் காலாவதி ஆகிவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டால் தன் வாயில் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில், ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"வேலை போச்சு" என்றார்.

எந்த எந்திரம் கேட்டிருந்தாலும் சரியாக எழுதியிருக்கும். மனைவி அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு செருப்பையும் கழட்டிட்டு உள்ள வாங்க."